முத்து ரவுண்டானா எங்கே போனது? பஹ்ரைன் 2011: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011-ல் அரபு நாடுகளில் பரவிய மக்கள் போராட்டங்களான அரபு வசந்தம் என்றால் எகிப்தின் தஹ்ரீர் சதுக்கம் கண்முன் வரும், சிரியாவின் இடிபாடுகள் வரும். பஹ்ரைன் வராது. மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் அந்த வருடம் அரபு நாடுகளில் கூடிய மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று கூடியது அங்கேதான். வளைகுடா வேலை என்றால் உடனே நினைவுக்கு வரும் நாடு, அதன் அரசியல் என்றால் ஒன்றும் தெரியாது என்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

பஹ்ரைனை ஆள்வது யார்?

அல் கலீஃபா குடும்பம், 1783-லிருந்து. சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய சிறு தீவு நாடு இது. 1986-ல் திறந்த சுமார் 25 கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் இரண்டு நாடுகளையும் இணைக்கிறது. அந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2010 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 12.3 லட்சம். அதில் குடிமக்கள் 5.68 லட்சம்தான். மற்றவர்கள் எல்லாம் நம்மைப் போல் பிழைக்கப் போனவர்கள். இஸ்லாமின் இரு பிரிவுகளில், குடிமக்களில் பெரும்பான்மையினர் ஷியாக்கள், அரச குடும்பம் சன்னி. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு எல்லாம் புரிந்துவிட்டதாக எழுந்து போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

2011-ல் திடீரென்று வெடித்ததா?

இல்லை. பஹ்ரைன்காரர்கள் நாடாளுமன்றம் கேட்கத் தொடங்கியது அவர்களுடைய தாத்தா காலத்தில். 1971-ல் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம், 1973-ல் தேர்தல், 1975-ல் அமீர் எனப்படும் ஆட்சியாளர் அந்த அவையைக் கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு 27 வருடங்கள் நாடாளுமன்றத் தேர்தல் கிடையாது. 1990-களில், கலைத்த அவையைத் திரும்பக் கூட்டு என்று தெருவில் இறங்கியவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள், சிலரை நாடு கடத்தினார்கள்.

1999-ல் ஹமத் பின் ஈசா அல் கலீஃபா பட்டத்துக்கு வந்தார். கைதிகளை விடுவித்தார், வெளியேறியவர்களைத் திரும்ப அழைத்தார். தேசியச் செயல் சாசனம் என்று ஒன்றை 2001 பிப்ரவரி 14, 15 தேதிகளில் வாக்கெடுப்புக்கு விட்டார். 98.4 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள். மறு வருடம் வந்த அரசியல் சட்டத்தைப் பார்த்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட அவையில் 40 பேர், மன்னர் நியமிக்கும் அவையிலும் 40 பேர். நியமன அவையின் தயவில்லாமல் சட்டம் எதுவும் நிறைவேறாது. அமீர் தன்னை மன்னர் என்று அறிவித்துக்கொண்டார். தொகுதிகளையும், ஷியா பகுதிகளில் ஒரு உறுப்பினருக்கு ஏராளமான வாக்காளர்கள், வேறு இடங்களில் ஒரு உறுப்பினருக்குச் சில நூறு, சில ஆயிரம் பேர் என்று வெட்டியிருந்தார்கள். 2010 தேர்தலில் ஷியா எதிர்க்கட்சியான அல்-வெஃபாக் போட்டியிட்ட 18 இடங்களிலும் ஜெயித்தது. ஆனாலும் 40-ல் அது சிறுபான்மைதான்.

அப்போதைய பிரதமரோ மன்னரின் சித்தப்பா, கலீஃபா பின் சல்மான். சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து அவரேதான். 2011-ல் அவர் நாற்காலிக்கு வயது 40.

தேதி ஏன் பிப்ரவரி 14?

சாசன வாக்கெடுப்பின் பத்தாவது ஆண்டு நிறைவு. நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மூன்று நாள் முன்புதான் எகிப்தில் அதிபர் முபாரக் பதவி விலகியிருந்தார், ஊரெங்கும் அதே பேச்சு. அவர் விலகிய அன்றே பஹ்ரைன் மன்னர், குடிமக்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 தினார் அன்பளிப்பு என்று அறிவித்தார். தேர்தல் நேரத்து டோக்கனைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. என்ன, அங்கே தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லை.

முத்து ரவுண்டானா என்பது என்ன?

லூலூ என்றால் நமக்கு ஹைப்பர்மார்க்கெட். அரபியில் அதற்கு முத்து என்று பொருள். தலைநகர் மனாமாவில் ஒரு பெரிய போக்குவரத்து ரவுண்டானா, அதன் நடுவில் 1982-ல் வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் உச்சி மாநாட்டுக்காகக் கட்டிய நினைவுச்சின்னம். பாய்மரம்போல் வளைந்த ஆறு கான்கிரீட் தூண்கள் மேலே போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு பெரிய முத்து உட்கார்ந்திருக்கும். ஆறு தூண்கள், மன்றத்தின் ஆறு நாடுகள். உயரம் சுமார் 300 அடி.

எண்ணெய் வருவதற்கு முன் அந்தத் தீவு முத்துக்குளித்துத்தான் சாப்பிட்டது. மூச்சை அடக்கிக் கடலில் இறங்குவதும், முன்பணம் வாங்கிக் கடனில் மூழ்குவதும் என்னவென்று தூத்துக்குடி, மன்னார்க் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரபு முத்துக்குளிப்பவர்கள் இலங்கையின் முத்துச் சலாபத்துக்கே வந்து மூழ்கிப் போன காலம் உண்டு.

மனாமாவில் தஹ்ரீர் மாதிரி பெரிய சதுக்கம் கிடையாது. கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் கூடுவதற்கு வசதியாக இருந்தது இந்தப் புல்தரை வட்டம்தான்.

முதல் வாரத்தில் என்ன நடந்தது?

பிப்ரவரி 14 அன்று பல கிராமங்களில் சின்னச் சின்ன ஊர்வலங்கள். போலீஸ் கண்ணீர்ப்புகையோடும் பெல்லட் குண்டுகளோடும் வந்தது. அன்று மாலை அலி முஷைமா என்ற 21 வயது இளைஞர் முதுகில் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் அவருடைய ஜனாஸா ஊர்வலத்தில் ஃபதில் அல்-மத்ரூக் என்ற இன்னொருவர் சுடப்பட்டு இறந்தார். புதைக்கப் போன கூட்டம் வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே ரவுண்டானாவுக்குப் போனது. கூடாரம் போட்டார்கள். டீயும் சோறும் வந்தன, ஒலிபெருக்கி வந்தது, குழந்தைகளும் வந்தார்கள்.

17-ம் தேதி அதிகாலை மூன்று மணி, கூடாரங்களில் தூக்கம். முன்னறிவிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் போலீஸ் உள்ளே புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். பஹ்ரைனில் அந்த நாளுக்குப் பெயர் இரத்த வியாழன். அடுத்த நாள் வெறுங்கையோடு ரவுண்டானாவை நோக்கி நடந்தவர்கள்மீது ராணுவம் சுட்டது.

உலகம் முழுவதும் அந்தக் காட்சி ஓடியதால் பட்டத்து இளவரசர் சல்மான் 19-ம் தேதி படையைப் பின்வாங்கச் சொன்னார். சில மணி நேரத்தில் மக்கள் திரும்ப ஓடிவந்து புல்தரையில் விழுந்து முத்தமிட்டார்கள். 22-ம் தேதி ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பீடு. 5.68 லட்சம் குடிமக்களில் ஒரு லட்சம்! அந்த விகிதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஒரே ஊர்வலத்தில் ஒரு கோடிக்கு மேல் நடந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

என்னதான் கேட்டார்கள்? மன்னரை விரட்டவா?

தொடக்கத்தில் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கம், மக்கள் பங்கேற்று எழுதும் அரசியல் சட்டம், அரசியல் கைதிகள் விடுதலை, பிரதமர் பதவி விலகல் இவைதான் கோரிக்கைகள். ஜோர்டான், சிரியா, ஏமன், பாகிஸ்தான் என்று வெளியிலிருந்து சன்னிகளைக் கொண்டுவந்து குடியுரிமை கொடுத்துப் போலீஸில் சேர்ப்பதை நிறுத்து என்பதும் ஒன்று. ரத்தம் சிந்திய பிறகு குரல் மாறியது. டுனிசியாவிலிருந்து எல்லா அரபு நாடுகளுக்கும் பரவிய ‘ஆட்சியின் வீழ்ச்சியை மக்கள் வேண்டுகிறார்கள்’ என்ற முழக்கம் இங்கும் எழுந்தது. மார்ச் முதல் வாரத்தில் சில குழுக்கள் குடியரசே வேண்டும் என்று அறிவித்துவிட்டன. மன்னர் இருக்கட்டும், அதிகாரம் மக்களிடம் வரட்டும் என்ற அல்-வெஃபாக்குக்கு அது பெரிய தலைவலி. பேச்சுவார்த்தை நடக்க வேண்டிய நேரத்தில் எதிர்த்தரப்பு இரண்டாகப் பிளந்து நின்றது.

ஒரு தினார் நோட்டை ஆட்டிய கதை என்ன?

எனக்கு இந்தப் போராட்டத்தில் மிகவும் பிடித்த காட்சி இது. மனாமாவில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஃபைனான்சியல் ஹார்பர் என்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. அந்த நிலத்தைப் பிரதமர் ஒரே ஒரு தினாருக்கு வாங்கினார் என்ற குற்றச்சாட்டு ஆவண நகலோடு சுற்றிவந்தது. மார்ச் மாதத்தில் போராட்டக்காரர்கள் அந்தக் கோபுரத்தின் முன்னால் கூடி, ஆளுக்கொரு ஒரு தினார் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். எங்களுக்கும் ஒரு தினாருக்கு ஒரு மனை கொடுங்கள் என்று அர்த்தம்.

வீட்டு மனைக்கும் அரசு வீட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற நாட்டில் அந்த நோட்டு எல்லோருக்கும் உடனே புரிந்தது. கடற்கரைதான் தீவுக்கு அழகு. அந்தக் கரையில் மக்கள் போய்க் கால் நனைக்க இடம் இல்லாமல் தனியார் வேலி நிற்கிறது என்பது பழைய குறை. ஷியா, சன்னி என்று பேசுகிறவர்கள் இந்த நில விவகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படியானால் இது ஷியா–சன்னி சண்டை இல்லையா?

பாகுபாடு உண்மை. ராணுவத்திலும் போலீஸிலும் ஷியா இளைஞனுக்கு வேலை கிடைப்பது அபூர்வம். கூட்டத்தில் பெரும்பாலோர் ஷியாக்கள், மறைக்க ஒன்றும் இல்லை. அதை வைத்து இது மதச்சண்டை என்பதுதான் இடிக்கிறது. ‘சன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, பஹ்ரைனி மட்டுமே’ என்று அட்டை ஒட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். முன்னணித் தலைவர்களில் ஒருவரான இப்ராஹிம் ஷரீஃப் சன்னி, மதச்சார்பற்ற இடதுசாரிக் கட்சியான வஅத்தின் அன்றைய தலைவர். அவருக்கும் ஐந்து வருடம் சிறை கொடுத்தார்கள்.

மறுபக்கத்தில் அல் ஃபாத்திஹ் பள்ளிவாசல் முன்னால் சன்னிகள் பெருந்திரளாகக் கூடி அரசுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அந்தக் கூட்டத்திலும் சீர்திருத்தக் கோரிக்கைகள் எழுந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றாகியிருந்தால் அரண்மனைக்கு உண்மையிலேயே சிக்கல். ஒன்றாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அரசுத் தொலைக்காட்சி ராப்பகலாகச் செய்தது.

ஈரான் தூண்டிவிட்டது என்கிறார்களே?

ஈரானின் அரபுத் தொலைக்காட்சிகள் ஆரவாரம் செய்தன, அது உண்மை. தூண்டிவிட்டது என்பதற்கு, மன்னரே நியமித்த விசாரணை ஆணையம் அந்த மாதங்களின் சம்பவங்களில் ஈரான் அரசின் பங்கைக் காட்டும் ஆதாரம் தன்முன் வைக்கப்படவில்லை என்று எழுதிவிட்டது.

இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1970-ல் ஈரானின் மன்னர் ஷா பஹ்ரைனுக்கு உரிமை கோரியபோது ஐநா தூதர் ஒருவர் வந்து ஊர் ஊராக, மன்றம் மன்றமாக விசாரித்தார். ஈரானோடு சேர விருப்பம் இல்லை, சுதந்திர அரபு நாடாகவே இருக்க விரும்புகிறோம் என்று மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். அதில் ஷியாக்களும் சேர்த்தி. இந்த நாடு தனி நாடாக இருப்பதே அந்தப் பதிலால்தான். அதே மக்களை ‘ஈரான் கைக்கூலி’ என்றால் கோபம் வராதா?

சவூதிப் படை எதற்காக வந்தது?

மார்ச் 12-ல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் மனாமா வந்து, தத்தித் தத்தி நடக்கும் சீர்திருத்தம் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். 13-ம் தேதி பட்டத்து இளவரசர் ஏழு அம்சத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்: முழு அதிகாரம் உள்ள நாடாளுமன்றம், மக்கள் விருப்பத்தைப் பிரதிபலிக்கும் அரசு, நியாயமான தொகுதிகள். காகிதத்தில் கிட்டத்தட்ட எல்லாம் இருந்தது. 14-ம் தேதி அந்தக் கடற்பாலத்தின் வழியாகச் சவூதியின் கவச வண்டிகள் வரிசையாக வந்தன. சுமார் ஆயிரம் சவூதி வீரர்கள், கூடவே ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து 500 போலீஸார்.

வளைகுடா மன்றத்தின் கூட்டுப்படை, முக்கிய நிலையங்களைக் காக்க வந்தது என்பது அதிகாரபூர்வ விளக்கம். உண்மையில் அது வந்ததே செய்தி. பாலத்தின் அந்தப்புறம் சவூதியின் கிழக்கு மாகாணம், எண்ணெய் கிடைப்பது அங்கே, ஷியாக்கள் நிறைய வாழ்வதும் அங்கே. ஒரு வளைகுடா மன்னர் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு இறங்கிவந்தால் அடுத்த கூட்டம் எங்கே கூடும் என்று ரியாத் கணக்குப் போட்டது. 15-ம் தேதி மூன்று மாத அவசரநிலை. 16-ம் தேதி காலை டாங்கிகள், ஹெலிகாப்டர்கள், கண்ணீர்ப்புகை. மதியத்துக்குள் ரவுண்டானா காலி. இளவரசரின் ஏழு அம்சங்களைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

மருத்துவர்களை ஏன் கைது செய்தார்கள்?

ரவுண்டானாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சல்மானியா மருத்துவமனை, நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை. குண்டடிபட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் போனார்கள். கார் நிறுத்தும் இடமே இன்னொரு ரவுண்டானா ஆகிவிட்டது. மருத்துவர்கள் கையுறையோடு வந்து நிருபர்களிடம் காயங்களைக் காட்டினார்கள், ஆம்புலன்ஸ் அனுப்பவிடாமல் தடுக்கிறார்கள் என்று அழுதார்கள். சிலர் போராட்டத்துக்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசினார்கள்.

மார்ச் நடுவில் ராணுவம் மருத்துவமனையை எடுத்துக்கொண்டது. அலி அல்-இக்ரி என்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரை 17-ம் தேதி ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே கொண்டுபோனார்கள். காயத்தோடு போனால் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மக்கள் வீட்டுக்குள்ளேயே பெல்லட்டைப் பிடுங்கி எடுத்துக் கட்டுப்போட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஒரு நாட்டின் நிலைமையைச் சொல்ல இது ஒன்றே போதும்.

அந்த செப்டம்பரில், ராணுவ நீதிபதி தலைமையில் நடந்த சிறப்பு நீதிமன்றம் 20 மருத்துவர்கள், செவிலியர்கள், உதவியாளர்களுக்கு 5 முதல் 15 வருடம் தண்டனை விதித்தது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி, மருத்துவமனையில் ஆயுதம் வைத்திருந்தது என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். உலகமே கத்தியதும் வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூனில் ஒன்பது பேர் விடுதலை, ஒன்பது பேருக்குத் தண்டனைக் குறைப்பு. இக்ரிக்கு 15 வருடம் ஐந்தாகி, அந்த ஐந்தையும் அனுபவித்துவிட்டு 2017-ல் வெளியே வந்தார்.

எகிப்திலும் டுனிசியாவிலும் தலைவர்கள் ஓடினார்களே, இங்கே ஏன் நடக்கவில்லை?

கூட்டத்தைப் பார்க்காதீர்கள், துப்பாக்கி வைத்திருப்பவன் யார் என்று பாருங்கள். டுனிசியாவில் ராணுவம் அதிபர் பென் அலிக்காக மக்களைச் சுட முன்வரவில்லை. அவர் 2011 ஜனவரி 14-ல் விமானம் ஏறினார். எகிப்தின் ராணுவம் முபாரக்கைக் கழற்றிவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. 2013 ஆகஸ்டில் ராபியா சதுக்கத்தில் ஒரே நாளில் பல நூறு பேரைக் கொல்ல அதற்குத் தயக்கம் இருக்கவில்லை என்பது தனிக் கதை. சிரியாவில் அதிபர் அசாதின் படை உடைந்தது, ஆனால் உள்வட்டம் உடையவில்லை. 2024 டிசம்பர்வரை இழுத்தது.

பஹ்ரைனில் போலீஸும் ராணுவமும் உடைய வழியே இல்லை. எதிரே நிற்பவன் அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்றால் கை நடுங்கும். அந்த ஊர்க்காரனையே சேர்க்காமல் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்த படைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. போதாததற்குப் பாலத்துக்கு அந்தப்புறம் பணக்கார அண்டை வீட்டார். மற்ற அரபு ஆட்சியாளர்களுக்கு இல்லாத இரண்டும் அல் கலீஃபாக்களுக்கு இருந்தன.

போராட்டக்காரர்கள் தவறே செய்யவில்லையா?

செய்தார்கள். மார்ச் 13-ல் நகரின் முக்கிய நெடுஞ்சாலையை மறித்தார்கள், ஒதுங்கி நின்றவர்களின் பொறுமையையும் அதில் இழந்தார்கள். அதைவிட மோசம், தெற்காசியத் தொழிலாளர்கள்மீது நடந்த தாக்குதல்கள். போலீஸில் பாகிஸ்தானியர் இருக்கிறார்கள் என்ற கோபத்தைக் கூலி வேலைக்கு வந்த அப்பாவிப் பாகிஸ்தானியர்கள்மீது காட்டினார்கள். உயிரும் போனது. விசாரணை ஆணையமும் இதைப் பதிவு செய்திருக்கிறது. அரசின் அடக்குமுறையைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை.

விசாரணை ஆணையம் என்ன சொன்னது?

எகிப்தில் பிறந்த சட்ட அறிஞர் ஷெரீஃப் பஸ்ஸியூனி தலைமையில் ஐந்து பேர். 2011 நவம்பர் 23-ல் மன்னரை முன்னால் உட்கார வைத்தே அறிக்கையை வாசித்தார். பிப்ரவரி, மார்ச் நிகழ்வுகளோடு சேர்ந்த 35 மரணங்கள், அதில் ஐந்து பேர் காவலில் சித்திரவதையால் இறந்தவர்கள். கண்ணைக் கட்டுவது, நிற்கவைத்தே வைத்திருப்பது, கேபிளால் அடிப்பது, மின்சாரம் பாய்ச்சுவது எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. வேலை இழந்தவர்கள் 4,000-க்கும் மேல். ஷியா வழிபாட்டு இடங்கள் பல இடிக்கப்பட்டன, ஆணையம் சுமார் 30 இடங்களைப் போய்ப் பார்த்தது.

ஒரு அரபு மன்னர் இப்படி ஒரு அறிக்கையை நேரில் உட்கார்ந்து கேட்டது புதுமைதான், அதை மறுக்கவில்லை. பரிந்துரைகள் நிறைவேறின என்று அரசு சொல்கிறது. வேலை இழந்த பலர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள், சில பள்ளிவாசல்கள் திரும்பக் கட்டப்பட்டன. சித்திரவதைக்காக உயர் அதிகாரி எவரும் சிறைக்குப் போகவில்லை. போராட்டத் தலைவர்களுக்கு விதித்திருந்த ஆயுள் தண்டனை அப்படியே நின்றது.

அமெரிக்கா ஏன் சும்மா இருந்தது?

அதன் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தலைமையகம் மனாமாவில் இருக்கிறது. லிபியாவில் குண்டு போட்ட அதே மார்ச் மாதத்தில் பஹ்ரைனுக்குக் கவலை தெரிவித்ததோடு சரி. எதிர்க்கட்சி சிறையில் இருக்கும்போது பேச்சுவார்த்தை எப்படி என்று ஒபாமா மே மாதம் உரையில் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். பிரிட்டன் 2018-ல் அங்கே தன் கடற்படைத் தளத்தையே திறந்தது.

விளையாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அந்த வருட ஃபார்முலா ஒன் பந்தயம் ரத்தானது. 2012 ஏப்ரலில், கிராமங்களில் டயர் எரிந்துகொண்டிருக்க, கார்கள் மறுபடி ஓடின. நிலைமை சகஜம் என்று உலகத்துக்குக் காட்ட அரசுக்கு அது வேண்டியிருந்தது.

கால்பந்து இன்னும் கசப்பு. 2004 ஆசியக் கோப்பையில் ஐந்து கோல் அடித்து அதிக கோல் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அலா ஹுபைல், நாட்டின் செல்லப்பிள்ளை. விளையாட்டு வீரர்களின் ஊர்வலத்தில் நடந்தார் என்பதற்காக அரசுத் தொலைக்காட்சி அவர் படத்தில் வட்டம் போட்டுத் துரோகி என்று காட்டியது. பிறகு பயிற்சி மைதானத்திலிருந்தே அவரையும் அவர் சகோதரரையும் கொண்டுபோனார்கள். படத்தில் முகத்தைச் சுற்றி வட்டம் போடுவது அந்த வருடம் பஹ்ரைனில் ஒரு தொழிலாகவே நடந்தது. சமூக வலைத்தளங்களில் அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரை வட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

அரசியலில் நமக்கு இடம் இல்லை, ஆனால் சட்டம் நமக்கும் பொருந்தும். மன்னரை அவமதித்தால் 2014 திருத்தத்தின்படி ஒன்று முதல் ஏழு வருடம் சிறை, 10,000 தினார்வரை அபராதம். வாட்ஸ்அப்பில் வந்ததைத்தானே அனுப்பினேன் என்று சொல்லித் தப்ப முடியும் என்று எண்ண வேண்டாம். ஊரில் டீக்கடையில் பேசுவதுபோல் அங்கே பேச முடியாது, அவ்வளவுதான்.

2011-க்குப் பிறகு?

ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். அல்-வெஃபாக்கின் தலைவர் அலி சல்மான் 2014-ல் கைது, கட்சி 2016-ல் கலைப்பு, 2018-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. சுயேச்சையான நாளிதழ் அல்-வசத் 2017-ல் நின்றது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கரீம் ஃபக்ராவி 2011 ஏப்ரலிலேயே காவலில் இறந்திருந்தார். புதிய ஆயுதம் குடியுரிமைப் பறிப்பு. சுமார் 990 பேரின் குடியுரிமையைப் பறித்தார்கள், 2019-ல் 551 பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் நீ எந்த நாட்டுக்காரனும் இல்லை என்பது என்ன மாதிரி தண்டனை என்று ஈழத்தமிழரும் மலையகத்தமிழரும் அறிவார்கள்.

டென்மார்க் குடியுரிமையும் உள்ள மனித உரிமைச் செயற்பாட்டாளர் அப்துல்ஹாதி அல்-கவாஜா 2012-ல் சிறையில் 110 நாள் உண்ணாவிரதம் இருந்தார். கட்டாயமாக மூக்கில் குழாய் விட்டு உணவு செலுத்தியதாகச் சொன்னார். 2024 ஏப்ரலில் மன்னர் தன் ஆட்சியின் வெள்ளிவிழாவுக்கு 1,584 கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். பல அரசியல் கைதிகள் அதில் வெளியே வந்தார்கள். கவாஜா பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, ரவுண்டானா எங்கே?

2011 மார்ச் 18-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடம் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தப்படுத்த வேண்டும் என்ற தொனியில் அரசுத் தொலைக்காட்சி பேசியது. வெளியுறவு அமைச்சர் அதை ஒரு கெட்ட நினைவு என்றார். கிரேன்கள் தூண்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தன. முத்து மேலேயிருந்து விழுந்து உருண்டது. சாய்ந்த கான்கிரீட்டில் நசுங்கி, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் அங்கேயே இறந்தார். யாருடைய சண்டையோ, போனது அவர் உயிர்.

வட்டத்தை அழித்து சிக்னல் போட்ட சாலைச் சந்திப்பாக்கி, அல் ஃபாரூக் சந்திப்பு என்று பெயர் மாற்றினார்கள். வருடக்கணக்கில் போலீஸ் காவல், பொதுமக்கள் அருகில் போக முடியாது. கிராமத்துப் பையன்கள் தெருமுனையில் மரத்திலும் சிமெண்டிலும் சின்னச் சின்ன முத்துச்சின்னங்கள் செய்து நட்டார்கள். போலீஸ் வந்து அவற்றையும் உடைத்தது.

நாணயத்தையும் மாற்றினார்களாமே, உண்மையா?

500 ஃபில்ஸ் நாணயத்தில், அதாவது அரை தினாரில், அந்த முத்துச்சின்னம் இருந்தது. அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அரை தினார் வேண்டுமானால் நோட்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் பழைய நீதிமன்றக் கட்டடம், மறுபக்கத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்திடல்.